மகளுக்கு ஒரு ஸ்டூல்

மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஆறு ஓடுகிறது. கொல்கத்தாவுக்கு வடக்கே, ஆற்றின் கரையில் சணல் ஆலைகள் உண்டு. ஆலைகளை ஒட்டிச் சின்னச் சின்ன ஊர்கள் உண்டு.

அப்படி ஓர் ஊரில் ஒரு தச்சர் இருந்தார். கதவு செய்வார். ஜன்னல் செய்வார். கட்டில், பெஞ்சு, நாற்காலி எல்லாம் செய்வார். அவர் மனைவி வீட்டில் ரவிக்கை தைப்பார். அவர்களுக்கு ஒரே மகள். வயது 14.

மகளுக்குக் கிட்டார் வாசிக்க ஆசை.

கிட்டாரை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பான். இந்தப் பெண் கற்றுக்கொண்ட கிட்டார் அந்த மாதிரி அல்ல. இதைத் தோளில் மாட்டுவதில்லை. மடியில் படுக்க வைத்து வாசிக்க வேண்டும். கம்பிகள் மேலே பார்த்தபடி இருக்கும். வலது கை விரல்களில் நகம் போல உலோகத் துண்டுகளை மாட்டிக்கொள்வார்கள். அதனால் கம்பியை மீட்டுவார்கள். இடது கையில் ஓர் இரும்புத் துண்டு இருக்கும். விரல் நீளம், வழவழப்பு. அதைக் கம்பிகளின் மேல் வைத்து நகர்த்துவார்கள். ஒலி அறுந்து போகாமல் வழுக்கிக்கொண்டே போகும். மனிதர் பாடுவது போல இருக்கும். இதற்கு ஸ்டீல் கிட்டார் என்று பெயர். வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் என்பார்கள்.

ஹவாய் என்பது பசிபிக் கடலில் உள்ள தீவுக் கூட்டம். இந்த வாசிப்பு அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் கிட்டார் கம்பி மேல் உலோகத்தை நகர்த்திப் பார்த்தாராம். அந்த ஒலி அவருக்குப் பிடித்துப் போயிற்று. பிறகு உலகம் முழுவதும் பரவியது. தாவ் மோ என்ற கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கொல்கத்தாவில் சில ஆண்டுகள் தங்கினார். வாசித்தார், கற்றும் கொடுத்தார். வங்காளிகளுக்கு இந்த ஒலி மிகவும் பிடித்துவிட்டது. ரவீந்திரநாத் தாகூரின் பாட்டுகளை இதில் வாசித்தார்கள். சினிமாப் பாட்டுகளை வாசித்தார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் கற்றுக்கொண்டார்கள்.

நம் தச்சரின் மகளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். கொல்கத்தாவில் லால்பஜார் பக்கம் வாத்தியக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே போய்ப் பழைய கிட்டார் ஒன்றை வாங்கினார் தச்சர். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை செய்து சேர்த்த பணம் அது.

ஆசிரியர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாரம் ஒரு நாள் பாடம். மற்ற நாள் வீட்டில் பயிற்சி.

முதல் மூன்று மாதம் நன்றாகப் போனது. பிறகு பயிற்சி குறைந்தது. ஒரு மணி நேரம் வாசித்தவள் அரை மணியில் எழுந்தாள். பிறகு கால் மணி. பிறகு கிட்டார் உறையை விட்டு வெளியே வரவே இல்லை.

"ஏம்மா, இன்னிக்கும் வாசிக்கலையா?" என்று கேட்டார் தச்சர்.

"பிடிக்கலை பாபா" என்றாள் மகள். அப்பாவைப் பாபா என்பது வங்காள வழக்கம்.

"அவ்வளவு ஆசைப்பட்டியே!"

"இப்போ பிடிக்கலை."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பையன் கிட்டார் கேட்டுக்கொண்டிருந்தான். "பேசாமல் அவனுக்கே விற்றுவிடலாம். ஆடிப் பாடித் திரியற வயசு. காசு போனது போனதுதான்" என்றார். தச்சர் பதில் சொல்லவில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த நாள் ஆசிரியரைப் பார்த்தார். அவர் ஆச்சரியப்பட்டார்.

"பிடிக்கலையா? என் வீட்டில் நன்றாக வாசிக்கிறாளே! சுரம் சுத்தமாக விழுகிறது. வைசாகம் 25ஆம் நாள் விழாவில் அவளை மேடை ஏற்றலாம் என்று நினைத்தேன்."

வைசாகம் 25 ரவீந்திரநாத் தாகூரின் பிறந்த நாள். வங்காள நாட்காட்டிப்படி கொண்டாடுவார்கள். மே மாதம் 8 அல்லது 9ஆம் தேதி வரும். அன்று ஊருக்கு ஊர் பாட்டும் நடனமும் நடக்கும். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

தச்சர் யோசித்தார். அதே பெண். அதே கிட்டார். ஆசிரியர் வீட்டில் நன்றாக வாசிக்கிறாள். நம் வீட்டில் ஏன் முடியவில்லை?

அன்று மாலை மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "திட்ட மாட்டேன். வாசிக்கும்போது என்ன ஆகுது, சொல்லு" என்றார்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கால் மரத்துப் போகுது பாபா. இடுப்பு வலிக்குது. கிட்டார் வழுக்கிக்கிட்டே போகுது. பிடிச்சு நிறுத்தினா சுரம் தப்புது. எனக்குக் கிட்டாரே வராது போலிருக்கு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சும்மா உட்காரத் தெரியாதான்னு நீங்க சிரிப்பீங்கன்னு நினைச்சேன்."

தச்சர் சிரிக்கவில்லை. "எங்கே உட்கார்ந்து வாசிக்கிற? வாசிச்சுக் காட்டு" என்றார்.

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும். சில நாள் வீட்டுக்குள்ளும் வரும். அதனால் பல வீடுகளில் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருப்பார்கள். கட்டில் நனையாது. அடியில் பெட்டி, பாத்திரம் வைக்கவும் இடம் கிடைக்கும். இவர்கள் வீட்டிலும் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல் இருந்தது. கட்டில் தரையிலிருந்து 22 அங்குல உயரம்.

மகள் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். பாதம் தரையைத் தொடவில்லை. அந்தரத்தில் தொங்கியது. கட்டிலின் விளிம்புச் சட்டம் தொடையின் அடியில் அழுத்தியது. கிட்டாரை மடியில் வைத்தாள். தொடை முன்பக்கம் சரிந்திருந்தது. கிட்டாரும் சரிந்தது. வழுக்காமல் இருக்க முன்கையால் அதை வயிற்றோடு அழுத்திப் பிடித்தாள். முதுகு வளைந்து கூனிப் போயிற்று.

தச்சருக்குப் பாதி புரிந்துவிட்டது.

தொடையின் அடியில் விளிம்பு அழுத்தினால் என்ன ஆகும்? அங்கே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நரம்பும் ஓடுகிறது. கால் தொங்கும்போது காலின் பாரம் முழுவதும் அந்த விளிம்பில் விழுகிறது. ரத்த ஓட்டம் குறையும். நரம்பு நசுங்கும். அதனால்தான் கால் மரத்துப் போகிறது. எழுந்து நடந்தால் சரியாகிவிடும். இருக்கையை மாற்றிய பிறகும் மரத்துப்போவது நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இடுப்பு வலிக்குக் காரணம் அந்தக் கூனல். பாதம் தரையில் பதிந்தால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தரை தாங்கும். பாதம் தொங்கினால் முழுப் பாரமும் இடுப்புக்குத்தான்.

சரி, சுரம் ஏன் தப்புகிறது? தச்சர் ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் கிட்டாரைக் காட்டி விளக்கினார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே மெல்லிய உலோகக் கோடுகள் பதித்திருக்கும். சாதாரணக் கிட்டாரில் இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கே விரல் வைத்து அழுத்தினாலும் அந்தச் சுரம் வந்துவிடும். ஸ்டீல் கிட்டாரில் அப்படி இல்லை. இரும்புத் துண்டு சரியாகக் கோட்டின் நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு நெல் அகலம் தள்ளினாலும் அபசுரம்தான்.

"ஓடுகிற பஸ்ஸில் ஊசியில் நூல் கோக்க முடியுமா? கிட்டார் நகர்ந்துகொண்டே இருந்தால் அப்படித்தான்" என்றார் ஆசிரியர். இன்னொன்றும் சொன்னார். கோட்டை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ணும் சாய்ந்து பார்க்கும். இரும்புத் துண்டு சரியான இடத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் இருக்காது.

தச்சர் ஆசிரியர் வீட்டு நாற்காலியை அளந்தார். பழைய மர நாற்காலி. கை வைக்கும் சட்டம் இல்லை. உட்காரும் பலகை 15½ அங்குல உயரம். அதில் உட்கார்ந்தால் மகளின் பாதம் தரையில் பதிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "கிட்டாரை விற்க வேண்டாம். ஒரு நல்ல நாற்காலி செய்யறேன். 18 அங்குலம். நாற்காலின்னா அதுதான் கணக்கு. நான் இத்தனை வருஷமா அப்படித்தான் செய்யறேன்."

மனைவி தைத்துக்கொண்டிருந்தார். தையலை நிறுத்தினார்.

"நான் ரவிக்கை தைக்கும்போது ஆளை அளக்கிறேன். நீங்க நாற்காலி செய்யும்போது யாரை அளக்கிறீங்க?" என்று கேட்டார்.

தச்சரால் பதில் சொல்ல முடியவில்லை.

அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு மகளிடம் போனார். செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு இருக்கிறது அல்லவா? அந்த மடிப்பிலிருந்து தரை வரை டேப்பைப் பிடித்தார். எண்ணைப் படித்தார்: 15 அங்குலம். பிறகு மகளைப் பலகையில் உட்கார வைத்தார். இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார்: 17 அங்குலம். இரண்டையும் ரவிக்கை அளவு எழுதும் நோட்டிலேயே எழுதிக்கொண்டார்.

15 அங்குல ஆளுக்கு 18 அங்குல நாற்காலி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டில் கதைதான் மறுபடி நடந்திருக்கும். தொங்குவது கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

உடனே மரத்தை வெட்ட வேண்டாம் என்றார் அம்மா. வீட்டில் இருப்பதில் முதலில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். அது நல்ல யோசனை.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எல்லா வீட்டிலும் இருக்கிறதே, அந்த நாற்காலி. அதற்கு இரண்டு பக்கமும் கை உண்டு. கிட்டார் ஒரு கஜத்துக்கும் மேல் நீளம். மடியில் குறுக்கே வைத்தால் இரு பக்கமும் நாற்காலிக் கையில் இடித்தது. முழங்கையை அசைக்க இடமில்லை. இன்னொரு குறையும் இருந்தது. அந்த நாற்காலியின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். சாய்ந்து உட்கார்ந்து பேச அது சுகம். வாசிக்க ஆகாது. இடுப்பு பள்ளத்தில் இறங்கும். முழங்கால் மேலே ஏறும். கிட்டார் வயிற்றில் வந்து சாயும்.

இரும்பு மடக்கு நாற்காலியைக் கொண்டு வந்தார்கள். கை இல்லை. அது நல்லது. ஆனால் அதுவும் பின்பக்கம் சரிவு. விளிம்பும் கூர்மை.

வீட்டில் ஒரு மோடா இருந்தது. பிரம்பில் பின்னியது, வட்டமாக இருக்கும். வங்காளத்தில் மோரா என்பார்கள். வங்காள வீடுகளில் பார்க்கலாம். உயரம் 14 அங்குலம். பாதம் நன்றாகப் பதிந்தது. மகளுக்குப் பிடித்தது. ஆனால் பழைய மோடா. நடுவில் பிரம்பு தொய்ந்திருந்தது. உட்கார்ந்தால் உள்ளே இறங்கியது. பக்கவாட்டிலும் ஆடியது. மோடா புதிதாக, உறுதியாக இருந்தால் அதுவே போதும். காசு கொடுத்து வேறு செய்ய வேண்டியதில்லை.

தரையிலும் உட்கார்ந்து பார்த்தாள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் பெரிய கலைஞர்கள் பலர் இந்தக் கிட்டாரைத் தரையில் சம்மணம் போட்டுத்தான் வாசித்தார்கள். இன்றும் வாசிக்கிறார்கள். பிரிஜ் பூஷண் காப்ரா என்பவர் ஜோத்பூரைச் சேர்ந்தவர். இந்துஸ்தானி ராகங்களை இந்தக் கிட்டாரில் வாசித்துக் காட்டிய முன்னோடி. 1967ல் சந்தூர் கலைஞர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் சேர்ந்து அவர் வாசித்த இசைத்தட்டு மிகவும் புகழ் பெற்றது. 2018ல் அவர் காலமானார். ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஸ்வ மோகன் பட் கிட்டாரில் கூடுதல் கம்பிகள் சேர்த்து மோகன வீணை என்று பெயர் வைத்தார். அவருக்கு 1994ல் கிராமி விருது கிடைத்தது. கொல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாச்சார்யாவும் கிட்டாரைத் தம் விருப்பப்படி மாற்றிப் புது வடிவங்கள் செய்தவர்.

சம்மணம் போட்டு வாசிப்பதில் நன்மை உண்டு. மடி அகலமாகக் கிடைக்கும். கிட்டார் அசையாது. எந்த மேடைக்குப் போனாலும் தரை இருக்கும். ஆனால் சிறு வயதிலிருந்தே பழக வேண்டும். பழகாதவருக்கு முழங்கால் தரையில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆனது. முழங்கால் மேலே, இடுப்பு கீழே. முதுகு வளைந்தது. பத்து நிமிஷத்தில் கீழே இருந்த பாதம் மரத்தது.

அப்போது அம்மா ஒரு போர்வையை நாலாக மடித்துக் கொடுத்தார். அதை இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்தாள். தொடைக்கு அடியில் வைக்கவில்லை. இடுப்பு உயர்ந்தது. முழங்கால் தானாகத் தாழ்ந்தது. முதுகு நிமிர்ந்தது. முன்னைவிட எவ்வளவோ தேவலை. தரையில் உட்கார்ந்து தையல் வேலை, பீடி வேலை செய்கிறவர்களும் இப்படிச் செய்து பார்க்கலாம். கிட்டாருக்கு மட்டும் உரிய வித்தை அல்ல இது.

ஆனாலும் மகளுக்கு ஸ்டூல்தான் வேண்டும் என்று தோன்றியது. தச்சர் வேலையை ஆரம்பித்தார்.

பழைய கதவுச் சட்டத்தில் மிச்சம் இருந்த சால் மரம் கால்களுக்கு. மேல் பலகைக்கு மாமரம். மூன்று கால் வைக்கலாமா, நான்கு கால் வைக்கலாமா என்று யோசித்தார். மூன்று கால் இருந்தால் மேடு பள்ளத் தரையிலும் ஆடாது. ஆனால் ஒரு பக்கம் சாய்ந்தால் கவிழும். வாசிக்கிறவர் இடமும் வலமும் அசைவார். அதனால் நான்கு கால். கால்களைச் சற்று வெளிப்பக்கம் விரித்து வைத்தார்.

மேல் பலகை 16 அங்குல அகலம். முன்னும் பின்னும் 13 அங்குலம். ஏன் 13? அம்மா அளந்தது 17 அல்லவா? பலகை முழுத் தொடைக்கும் நீண்டால் முழங்கால் மடிப்பில் இடிக்கும். அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சாய்ந்து உட்காரும் நாற்காலியில்கூட மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி வேண்டும். வாசிக்கும் ஸ்டூலில் யாரும் சாய்வதில்லை. அதனால் இன்னும் குறைவாகவே போதும்.

முன் விளிம்பை அவர் அரத்தால் ராவினார். உப்புத்தாளால் தேய்த்தார். பாதி வளையல் போல உருண்டையாக்கினார். கையால் தடவிப் பார்த்தார். கூர்மை எங்கும் தட்டவில்லை.

கால்களை மட்டும் 16 அங்குல உயரம் வரும்படி விட்டார். வேண்டுமென்றே ஒரு அங்குலம் கூடுதல். மரத்தை வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

மகள் உட்கார்ந்தாள். குதிகால் லேசாகத் தூக்கியது. அரை அங்குலம் அறுத்தார். மறுபடி உட்கார்ந்தாள். இன்னும் அரை அங்குலம் அறுத்தார். இப்போது சரியாக 15. பாதம் முழுவதும் தரையில் பதிந்தது.

தச்சர் தம் ரசமட்டத்தை எடுத்தார். மடியில் இருந்த கிட்டாரின் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாயில் இருந்த குமிழ் நடுவில் வந்து நின்றது. துளிகூடச் சரிவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ரசமட்டம் எல்லார் வீட்டிலும் இருக்காது. மடியில் ஒரு பலகையை வைத்து அதன்மேல் ஒரு கோலிக்குண்டை விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் உருளுகிறதோ, அந்தப் பக்கம் தாழ்வு.

மகள் வாசித்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"பாபா, இன்னும் கொஞ்சம் தாழ்வா இருந்தா தேவலை."

"ரசமட்டமே சரின்னு சொல்லுது!"

"எனக்கு முன்பக்கம் வழுக்கிடுமோன்னு பயமா இருக்கு. என் பக்கம் லேசா சாய்ஞ்சா பயம் இருக்காது."

தச்சர் மனைவியைப் பார்த்தார். மனைவி சிரித்தார். வாசிக்கிறவள் அவள். அவர் இன்னும் அரை அங்குலம் அறுத்தார். 14½ அங்குலம். கிட்டார் வயிற்றுப் பக்கம் சிறிதே சாய்ந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். அந்தப் பக்கம் சாய்ந்தால் கிட்டார் நிற்கும். வெளிப்பக்கம் சாய்ந்தால் நிற்காது. அவள் சொன்னதுதான் சரி.

கடைசியாக அம்மா ஒரு மெத்தை தைக்கப் போனார். தச்சர் தடுத்தார். "பஞ்சு மெத்தை போட்டா உயரம் ஏறிடும். அறுத்ததெல்லாம் வீண்" என்றார். அம்மா சணல் சாக்கை இரண்டாக மடித்து, மேலே பருத்தித் துணி வைத்து, மெல்லியதாக ஒரு விரிப்புத் தைத்தார். உட்கார்ந்து அழுத்தினால் கால் அங்குலம்கூட இருக்காது. மிச்சத் துணியில் கிட்டாருக்கு அடியில் போட ஒரு துண்டும் கிடைத்தது. சொரசொரப்பான துணி. அதை மடியில் விரித்துக் கிட்டாரை வைத்தால் வழுக்காது. பளபளப்பான நைலான் துணி கட்டியிருந்தால் இது மிகவும் உதவும்.

ஆசிரியர் வந்து பார்த்தார். ஸ்டூலில் தாமே உட்கார்ந்தார். அவர் உயரமான மனிதர். அவருடைய முழங்கால் மேலே ஏறிவிட்டது. "எனக்கு இது ஆகாது. அவளுக்குப் பொருந்தினால் சரி" என்றார். பிறகு மகளிடம் சொன்னார்: "எவ்வளவு நல்ல ஸ்டூலாக இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. வாத்தியம் மடியில் இருப்பதால் குனிந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. கழுத்து வலிக்கும். அடிக்கடி தலையைத் தூக்கிச் சுவரைப் பார்."

அமெரிக்காவில் இதிலேயே இன்னொரு வகை உண்டு என்றும் சொன்னார். அதற்குப் பெடல் ஸ்டீல் கிட்டார் என்று பெயர். மேஜை போலத் தனிக் கால்களில் நிற்கும். வாசிப்பவர் கையால் மீட்டுவார். காலால் மிதிகளை மிதிப்பார். முழங்காலால் நெம்புகோல்களைத் தள்ளுவார். அங்கே இருக்கை ஒரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் முழங்காலுக்கு நெம்புகோல் எட்டாது, அல்லது இடிக்கும். அதனால் அவர்களில் பலர் போகும் இடத்துக்கெல்லாம் சொந்த இருக்கையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சில இருக்கைகளின் அடியில் பெட்டி இருக்கும். கம்பி, ஒயர், இரும்புத் துண்டு எல்லாம் அதற்குள் போய்விடும். தச்சர் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மகள் தினமும் ஒரு மணி நேரம் வாசித்தாள். அரை மணியில் ஒருமுறை எழுந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் வந்து கிட்டார் என்ன விலை என்று மறுபடி கேட்டான். அம்மா அவனுக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

வைசாகம் 25 வந்தது. மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் கூட்டம் சேர்ந்தது. பெண்கள் வெள்ளைப் புடவையில் சிவப்புக் கரை போட்டு வந்தார்கள். மேடையில் தாகூரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. தச்சர் சைக்கிளின் பின்னால் ஸ்டூலைக் கட்டிக் கொண்டு வந்தார்.

விழாக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "ஸ்டூல் எதுக்கு தாதா? மேடையில் நல்ல நாற்காலி இருக்கு. சிவப்பு வெல்வெட்" என்றார். அண்ணன் என்பதைத்தான் அங்கே தாதா என்பார்கள்.

தச்சர் போய்ப் பார்த்தார். அகலமான நாற்காலி. இரண்டு பக்கமும் கை. உட்கார்ந்தால் உள்ளே புதையும். தலைவர்கள் உட்காரச் சரியான நாற்காலி.

"அதைத் தலைவருக்குப் போடுங்க" என்றார்.

மேடை ஏறும் முன் மகள் செருப்பைக் கழற்றினாள். அவள் பயிற்சி செய்தது வெறுங்காலில். செருப்போடு உட்கார்ந்தால் முழங்கால் அரை அங்குலம் ஏறிவிடும். ஸ்டூலை மைக்குக்கு நேராகப் போட்டாள். ஒரு கால் லேசாக ஆடியது. மேடைப் பலகை சமமாக இல்லை. தச்சர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய மரச் சில்லை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் செருகினார். அறுத்து எடுத்த அரை அங்குலத்தில் ஒரு துண்டு அது.

மகள் உட்கார்ந்தாள். பாதம் பலகையில் பதிந்தது. மடியில் துணியை விரித்தாள். கிட்டாரை வைத்தாள். தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள்.

அளந்து எழுதுங்கள்

டேப் இல்லாவிட்டால் ஒரு நூலால் அளக்கலாம். பிறகு அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்.

என் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை ............ அங்குலம்.

நான் தினமும் அதிக நேரம் உட்கார்ந்து வேலை செய்யும் இருக்கை ............ அங்குலம்.

எது அதிகம்? எவ்வளவு அதிகம்? ............

இருக்கை உயரமாக இருந்தால், பாதத்துக்கு அடியில் எத்தனை அங்குலப் பலகை போட வேண்டும்? ............